ஏராவுக்கு அடியில்

மே மாதக் காலையில் சென்னைக் காசிமேட்டுக்குப் போனால் மீன் வாடைக்கு முன்னால் தின்னர் நெடி வந்து மூக்கில் ஏறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்று அரசு போட்ட தடை. ஏலச் சத்தம் தணிந்த துறைமுகத்தில் இந்த நாட்களில் கேட்பது ஒரு கரகரப்பு. இரும்புச் சுரண்டி மரப்பலகையின் மேல் இழுபடும் சத்தம்.

நான் பார்க்கப் போன படகு மரத்தால் ஆனது, பழசு. இரண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்துக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். தண்ணீரில் மிதக்கும்போது நாம் பார்ப்பது படகில் பாதிதான். கரையில் நிற்கும்போதுதான் இதற்கு இவ்வளவு பெரிய வயிறா என்று தோன்றும். அந்த வயிற்றுக்கு அடியில் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், நான் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னாமா, பெயின்ட் அடிக்கிறத பாக்க வந்தியா? அதுக்கு இன்னும் நாலு நாள் ஆவும். இப்ப சொரண்டுற வேலைதான்” என்றார்.

நான்கு நாளும் போனேன். வண்ணம் பூசுவது என்று நாம் சொல்லும் வேலையில் பூசுவது கடைசிச் சொச்சம்தான் என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

படகின் அடியில் சுண்ணாம்புக் கூம்புகள் போல அப்பியிருந்ததை அவர்கள் சிப்பி என்கிறார்கள். உயிரியல்படி அது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சாக நீந்தி வந்து, இடம் பிடித்து, தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்கக் காலால் இரை அள்ளித் தின்னும். இந்த ஓர் உயிரினத்தைப் படிக்க டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டு செலவழித்தார். பெரியவருக்கு அதன் வேறொரு குணம் தெரியும். “சிப்பி ஏறுன போட்டு டீசலக் குடிக்கும்மா. ஓனர் இஞ்சினப் போட்டுத் திட்டிட்டு இருப்பாரு. கோளாறு இங்க கீது.”

சுரண்டி முடித்த பலகையைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் ஓசை மங்கியது. மறுபடி தட்டினார், காதைப் பலகைக்குக் கிட்டே கொண்டுபோனார், சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். “புழு.” வெளியே குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை, உள்ளே மரம் முழுக்கச் சுரங்கம். அவர்கள் சிப்பி என்று சொல்வது சிப்பி இல்லை, புழு என்று சொல்வதுதான் சிப்பி இனத்தைச் சேர்ந்தது என்று நான் சொன்னபோது அவர் யோசித்தார். “எதுவா இருந்தா இன்னா, பலகைய மாத்தணும்” என்றார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்குவதற்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துகீசியத்தில் இந்த வேலைக்காரரைக் கலஃபாத்தே என்பார்கள். சொல் கப்பலேறி வந்து நம் கரையில் தங்கிவிட்டது. இதே கரையில் அதற்கு முன்பிருந்தே ஓடிய மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். துறைமுகம் இல்லாத சென்னையில், அலை தூக்கி அடிக்கும்போது வளைந்து கொடுத்துத் தப்பிக்க அந்தத் தையல்தான் உதவியது. கப்பலில் வந்தவர்களும் சரக்குகளும் அந்தப் படகுகளில்தான் கரை சேர்ந்தார்கள். அவற்றை ஓட்டிய சமூகத்தின் பணத்தில் எழுந்ததுதான் ராயபுரம் புனித பேதுரு ஆலயம். இன்றும் நடந்துபோகும் தூரத்தில் நிற்கிறது.

மூன்றாம் நாள் கழுவும் நாள். படகை நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருக்கும் பலகையின் மேல் பூசினால், பூச்சுக்கு அடியில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும், சில மாதத்தில் கொப்புளம் கட்டிப் பெயர்ந்துவிடும். வடசென்னையில் நல்ல தண்ணீர் சும்மா கிடைக்காது. டிரம்மில் வாங்கி வைத்திருந்த தண்ணீரைக் குவளையால் மொண்டு, துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவினார்கள். கழுவி முடித்த பலகையில் இளையவர் ஒருவர் விரலை வைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “இன்னும் கரிக்குது” என்றார். மறுபடி துணி நனைந்தது.

சுரண்டிய ஓரங்களில் பழைய பூச்சுகள் மரத்தின் வளையம் போல அடுக்கடுக்காகத் தெரிந்தன: பச்சை, அதற்கடியில் நீலம், சாம்பல், மறுபடி சிவப்பு. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் மீன்பிடிப் படகில் வந்தார்கள். அதற்குப் பிறகு படகுகளுக்கு மாநிலவாரியாக நிற விதிகள் வந்தன. “அதுக்கு முன்ன அவனவன் இஷ்டத்துக்கு அடிப்பான்மா. மஞ்சள், ரோசு எல்லாம் அடிச்சுருக்கேன்.” ஓர் அடுக்கில் பொடிப்பொடியாகக் கறுப்பு. அழுக்கு என்று நினைத்தேன். நிலக்கரி என்றார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில், பூசிய ஈரம் காய்வதற்குள் கரித்தூள் வந்து படியும், மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். நீதிமன்ற உத்தரவால் 2011இல் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது.

அதன்பின் ஒருநாள் எண்ணூர்க் குப்பங்களுக்கும் போனேன். அங்கே பெரிய விசைப்படகுகள் இல்லை, கழிமுகத்தில் ஓடும் ஃபைபர் படகுகள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குள் எண்ணெய் வந்தது. படகுகளின் விளிம்பு வரை கறுப்புப் பசை. 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் சீரமைப்புக்காக அரசு அறிவித்தது. தன் படகைத் தானே மறுபடி பூசிய மீனவர் ஒருவர் சொன்னார்: “எண்ணெ பட்ட எடத்துல பெயின்ட் நிக்காதும்மா. தோல உரிக்கிற மாரி உரிச்சு எடுத்தேன்.” உப்பையாவது நல்ல தண்ணீர் கரைக்கும்.

காசிமேட்டில் நான்காம் நாள். பனி ஈரம் காய்ந்த பிறகுதான் டின்னைத் திறந்தார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பூசும் சிவப்பில் செம்புச் சேர்மம் இருக்கிறது. சிப்பிக் குஞ்சை அண்டவிடாமல் செய்வது அந்தச் செம்புதான். அது கனமானது, டின்னின் அடியில் தங்கிவிடும். கலக்காமல் பூசினால் மேலாக இருப்பது வெறும் சாயம். அதனால் ஒருவருக்கு அன்று முழுக்கக் குச்சியால் கலக்குவதே வேலை. ரோலர் போடக்கூடாதா என்று கேட்டேன். ரோலர் மேடு மேலே ஓடிவிடும், பள்ளத்துக்குள் பிரஷ்தான் போகும் என்று செய்து காட்டினார். பலகையின் ஓட்டத்தோடு நீளமாக ஓர் இழுப்பு, பிறகு இடுக்கில் குத்தி ஒரு திருப்பு. நான் அடித்த முழம் அளவு இடத்தை அவர் எதுவும் சொல்லாமல் மறுபடி அடித்தார்.

அந்தச் சிவப்பு விஷம். இதைவிடக் கொடிய வெள்ளீயக் கலவைப் பூச்சுக்கான உலகத் தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது. செம்பு இன்னும் இருக்கிறது. போன வருடத்துச் சிவப்பைச் சுரண்டும்போது எழும் தூசு இவர்கள் முகத்தில்தான் விழுகிறது. வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். சுரண்டி விழுந்ததில் கொஞ்சம் கோணிக்குப் போனது, மிச்சம் காற்றோடு துறைமுகத் தண்ணீருக்கே போனது. படகு ஏற்றும் இடத்தில் தூளைப் பிடிக்க ஒரு தொட்டியும், ஆளுக்கொரு நல்ல முகக்கவசமும் கொடுக்க எத்தனை செலவாகிவிடும்? அந்த நான்கு நாளும் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இன்னொன்றும் உண்டு. தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு, அது வேண்டியதுதான். பெயின்ட் அடிக்கும் இவருக்கோ ஆண்டின் வேலையெல்லாம் இந்த 61 நாளில்தான். படகுகள் கடலுக்குப் போன பிறகே இவர் வீட்டில் தடைக்காலம் தொடங்குகிறது. அதற்கு நிவாரணம் கிடையாது.

மாலைக்குள் முழு வயிறும் சிவந்துவிட்டது, முட்டுக் கட்டைகள் தொட்ட இடங்கள் தவிர. கட்டைக்கு அடியில் பிரஷ் போகாது. விட்டால் புழு நுழைவதும் அங்கேதான். ஒரு கட்டையைத் தளர்த்தி ஒரு சாண் நகர்த்தினார்கள். படகு முனகியது. நான் பின்வாங்கினேன். பெரியவர் படகின் அடிமரமான ஏராவுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நகர்ந்து, அந்தச் சதுரத்தைச் சுரண்டி, துடைத்து, தடவிப் பார்த்து, “அந்த டின்ன கொஞ்சம் இப்டித் தள்ளும்மா” என்றார். தள்ளினேன். சிவப்பு ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. துடைக்காமல் அடுத்த கட்டையைத் தளர்த்தச் சொன்னார்.