கைப்பிடி

செங்கல்பட்டில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டின் பின்பக்க பால்கனி நான்கடி அகலம், ஒன்பதடி நீளம். துணி காயப்போட அங்கே இடம் கிடையாது. ஒரு டிரில் மெஷின், ஒரு கிரைண்டர், துருப்பிடித்த வைஸ், இரண்டு சி-கிளாம்ப், ரசமட்டம், பிஸ்கட் டப்பாக்களில் வகைவகையாக ஸ்க்ரூ. இவற்றோடு முடியாத வேலைகளும் இருக்கின்றன. மூன்று கால் மட்டும் மாட்டிய ஸ்டூல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடிக்காமல் விட்ட புத்தக அலமாரி. ஒயர் வெளியே தொங்கும் மேஜை விளக்கு. போன மாதம் எண்ணியபோது மொத்தம் ஏழு.

அம்மா வரும்போதெல்லாம் பால்கனிக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள்.

"இதெல்லாம் எப்படா முடிப்ப?"

"முடிச்சிடலாம்மா."

"போன பொங்கலுக்கும் இதத்தான் சொன்ன."

நான் படித்தது இன்ஜினியரிங். ஆனால் அங்கே கையால் எதையும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. முதல் வருஷத்தில் பிராக்டிசஸ் லேப் என்று ஒன்று உண்டு. இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். இரண்டு மரக்கட்டைகளைப் பாதிப் பாதி செதுக்கி ஒன்றோடொன்று கோக்க வேண்டும். நான் ராவிய துண்டு எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் சதுரமாக இல்லை. சீனியர் ஒருவர் விட்டுப்போன துண்டைக் காட்டி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினேன். அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் கீபோர்டுதான். மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் வேலை. எழுதிய கோடில் தப்பு வந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம்; யாருக்கும் அடிபடாது. அவசரத்துக்கு ஒட்டுப்போட்டுவிட்டு, மேலே 'பிறகு சரிசெய்ய வேண்டும்' என்று ஒரு வரி கமெண்ட் எழுதிவைப்பது எங்கள் தொழிலில் கிட்டத்தட்ட ஒரு பண்பாடு. அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை.

2020 லாக்டவுனில்தான் கருவிகள் வீட்டுக்குள் வந்தன. ரவுட்டரை மாட்ட ஒரு சின்னப் பலகை வேண்டியிருந்தது. நண்பனிடம் டிரில் மெஷினை இரவல் வாங்கி, சுவரில் முதல் ஓட்டையைப் போட்டேன். செங்கல் தூள் செக்கச்செவேலென்று கையில் கொட்டியது. சுவரில் போட்ட ஓட்டையைப் பழைய வெர்ஷனுக்குக் கொண்டுபோக முடியாது. பட்டி வைத்து மூடலாம், அவ்வளவுதான். பயமும் போதையும் கலந்த ஒன்று அதில் இருந்தது. மறுமாதமே சொந்தமாக மெஷின் வாங்கிவிட்டேன்.

அப்போதுதான் ரால்பிளக் என்ற அற்பப் பொருளின் மீது எனக்குக் காதல் வந்தது. இன்று நாம் பயன்படுத்துகிற மாதிரியான பிளாஸ்டிக் பிளக்கை 1958இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்த்தர் ஃபிஷர் உருவாக்கினார். அதற்கு முன் நம்மூர் எலெக்ட்ரீஷியன்கள் மரக்கட்டையைச் சீவி ஓட்டைக்குள் அடித்து இறுக்கி, அதில் ஸ்க்ரூ ஏற்றுவார்கள். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றுதான். ஸ்க்ரூ சுவரைப் பிடிப்பதில்லை. ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிகிறது. விரிந்த பிளக் ஓட்டையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கலில் வரும் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. அப்படியானால் பிளக்கைச் சுற்றி இருப்பது எதுவென்பது முக்கியம். வெறும் பூச்சாக இருந்தால் அது நொறுங்கும். இதையெல்லாம் நான் நண்பர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். தெரிந்திருப்பதும் செய்வதும் வேறு வேறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் இருப்பது மாமல்லபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினால் கழுக்குன்றத்துக் கோபுரம் கண்ணில் பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே காற்றின் ஈரம் மாறுவது தெரியும். ஊருக்குள் நுழையும்போது கிரைண்டர் சத்தம் வரவேற்கும். சின்ன வயதில் அந்தத் தெருக்களில் உளிச் சத்தம்தான். இப்போதும் உளி இருக்கிறது. ஆனால் கல்லின் பெரும்பகுதியைக் கழிப்பதை கிரைண்டர் எடுத்துக்கொண்டுவிட்டது. உளி கடைசியில் முகத்துக்கும் விரலுக்கும் வருகிறது.

முடிக்காத வேலைகளுக்கு மாமல்லபுரத்தைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஐந்து ரதங்களே முழுதாக முடிந்தவை அல்ல. ஊருக்கு மேற்கே பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் என்று சில உண்டு. டூரிஸ்ட் பஸ்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலே சிகரம், மாடங்கள் எல்லாம் உருக்கொண்டிருக்க, கீழே வெறும் பாறை. அர்ச்சுனன் தபசுக்குக்கூட முடிக்காமல் விட்ட இன்னொரு வடிவம் அதே ஊரில் இருக்கிறது. பள்ளி நாட்களில் பிடாரி ரதங்களின் நிழலில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். "பல்லவர்களே முடிக்கலம்மா" என்று ஒருமுறை ஸ்டூலைக் காட்டிச் சொன்னேன்.

"அவங்க கோயில் கட்டினாங்க. நீ ஸ்டூல் கட்டுற" என்றாள்.

மூன்று வருஷங்களுக்கு முன் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமானது. பாத்ரூமில் எழுந்திருக்கும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள் என்று அப்பா சொன்னார். அடுத்த ஞாயிறே ஒன்றரை அடி நீள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியோடு போய் இறங்கினேன். டைல் மேல் டேப் ஒட்டி, பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, எல்லாம் முறைப்படி. ஓட்டை போட்டு முடித்த பிறகுதான் கைப்பிடியோடு வந்த ஸ்க்ரூ பாக்கெட்டை செங்கல்பட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. ஞாயிறு மதியம், கடைகள் மூடியிருந்தன. அப்பாவின் டப்பாவைக் குடைந்ததில் மஞ்சள் முலாம் போட்ட ஒன்றரை அங்குல ஸ்க்ரூக்கள் நான்கு கிடைத்தன. பக்கத்துக்கு மூன்று துளை. நான் பக்கத்துக்கு இரண்டு போட்டேன். மேலே பளபளப்பான மூடியை அழுத்தினால் ஸ்க்ரூ வெளியே தெரியாது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டேன். சித்தி ஹார்ட் அனுப்பினாள். என் ஃபோனில் ஒரு குறிப்பு எழுதினேன்: 'அம்மா பாத்ரூம், ஸ்க்ரூ மாத்தணும்.'

பதினான்கு மாதம் அந்தக் குறிப்பு ஃபோனில் இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் அப்பா கூப்பிட்டார். "அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டா. மணிக்கட்டுல விரிசல். கட்டு போட்டிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல." எப்போது என்றேன். "திங்கக்கிழமை." நான் கத்துவதற்குள் அம்மா ஃபோனை வாங்கிவிட்டாள். "சோப்புத் தண்ணிடா. நான்தான் பாக்காம கால வச்சிட்டேன். நீ லீவு எல்லாம் போடாத."

அன்று சாயங்காலமே போனேன். அம்மா இடது கையில் கட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவ பாத்ரூமுக்குள் போனேன். கைப்பிடி அதன் இடத்தில் அழகாக இருந்தது. எதற்கென்று தெரியாமல் அதைத் தொட்டேன். ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது.

பிளக், அதைச் சுற்றி ஒட்டியிருந்த பூச்சு, துருப்பிடித்த ஸ்க்ரூ. பிடுங்கிக்கொண்டு வந்ததைத் திருப்பிச் சொருகி, மூடியையும் அழுத்தி வைத்திருந்தார்கள்.

வெளியே வந்தேன். கையில் இருந்த ஸ்க்ரூவை இருவரும் பார்த்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நீ பாத்தா கஷ்டப்படுவேன்னு சொருகி வைக்கச் சொன்னா" என்றார் அப்பா.

"நான் பாக்காம போயிருந்தா? மறுபடியும் அதப் பிடிச்சு நீ விழுந்திருந்தா?"

"அத நான் ஏன்டா பிடிக்கப் போறேன்" என்றாள் அம்மா. கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

நான் செய்த ஒரு பொருளைப் பற்றி இதுவரை கேட்ட ஆகக் கடுமையான வாசகம் அதுதான். நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யை அது இருந்த இடத்திலேயே மாட்டிவைத்துவிட்டு, அதைத் தொடாமல் வாழ இருவரும் முடிவுசெய்திருந்தார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஸ்க்ரூ 38 மில்லிமீட்டர். டைல் 8. அதன் பின்னால் ஒட்டுச் சிமெண்டும் பழைய பூச்சும் சேர்ந்து கிட்டத்தட்ட 25. செங்கல்லுக்குள் போனது ஒரு அரிசி நீளம். அம்மாவின் மொத்தப் பாரத்தையும் நான் தொங்கவிட்டது பூச்சின் மீது. மீதியைத் துரு பார்த்துக்கொண்டது. இரும்பின் மேல் இருக்கும் துத்தநாக முலாம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் அது சீக்கிரமே தீர்ந்துபோகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கே கடலோரத்தில் சோதனைதான். நம் சமையலறைப் பாத்திரங்களில் பரவலாக இருக்கும் 304 ரகத்தில்கூட உப்புக் காற்று புள்ளிபுள்ளியாகத் துளைக்கும். 316 என்ற ரகத்தில் 2-3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். அது உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். கருங்கல்லுக்கே இங்கே வைத்தியம் தேவைப்படுகிறது. கடற்கரைக் கோயிலில் கல்லின் மேல் காகிதக் கூழை அப்பி, அது காயும்போது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சி எடுக்க வைக்கிறார்கள். இதெல்லாம் பிறந்து வளர்ந்த ஊரின் விஷயம். எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் சிற்பி அண்ணன் விசாரிக்க வந்தார். நான் பாத்ரூமில் புது இடம் குறித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து டைல்களை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார்.

"தட்டிப் பாத்தியா தம்பி?"

"இல்லண்ணே."

"கல்ல தட்டிப் பாக்காம நாங்க உளியே வைக்க மாட்டோம். இங்க கேளு. இங்க கேளு. இது உள்ள காலி."

வித்தியாசம் எனக்கே கேட்டது. ஒரு டைல் 'டங்'கென்றது. நான் குறித்திருந்த டைல் 'டொப்'பென்றது. தட்டிக் கேட்டு, ஒலியை வைத்துக் கல்லை ஆண், பெண், அலி என்று பிரிப்பது சிற்ப மரபு. பாத்ரூம் டைலுக்கும் அது செல்லும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குறியை ஆறு அங்குலம் தள்ளி வைத்தோம்.

பேச்சுவாக்கில் பிடாரி ரதங்களைப் பற்றிக் கேட்டேன். பாதியில் நின்ற வேலையைப் பார்க்கும்போது ஒரு சிற்பிக்கு எப்படி இருக்கும் என்று.

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மேல யாரும் சாஞ்சு நிக்கப் போறதில்லையே" என்றார். அவர் எனக்காக அதைச் சொல்லவில்லை. ஆனால் என் சாக்கு அன்றோடு போனது.

பாரிமுனையில் தேடி 316 ரக ஸ்க்ரூ வாங்கியிருந்தேன், 80 மில்லிமீட்டர். பக்கத்துக்கு மூன்று. டைலைத் தாண்டும்வரை ஹாமரைப் போடாமல் மெதுவாக, பிறகு ஹாமரோடு. வெள்ளைத் தூள் வந்தது, பிறகு சாம்பல், பிறகு சிவப்பு. சிவப்பு வந்தபின்பும் இரண்டு அங்குலம் போனேன். ஓட்டைக்குள் தூள் இருந்தால் பிளக் வழுக்கும் என்பதால் சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தேன். போனமுறை இதையும் செய்யவில்லை. மூடியைச் சுற்றி மேலும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசி, கீழே மட்டும் தண்ணீர் வடிய இடைவெளி விட்டேன். மறுநாள் என் 74 கிலோவையும் அதில் தொங்கவிட்டேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார். கைப்பிடி அசையவில்லை.

அம்மா அதைத் தொடவில்லை.

அதற்கடுத்த வாரம் போனபோது கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கியது. "இதுல துணியெல்லாம் போடாதம்மா" என்றேன். "காயுதுடா" என்றாள். அதற்கடுத்த வாரம் நனைத்துப் பிழியாத ஒரு பெட்ஷீட். சொட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு ஒருநாள் பிளாஸ்டிக் வாளியின் வளையத்தை அதில் மாட்டி, வாளியில் பாதி தண்ணீர். நான் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது என்று புரிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு மூடியைக் கழற்றி ஆறு ஸ்க்ரூக்களையும் பார்க்கிறேன். இது என் பட்டியலில் என்றைக்கும் முடியாத எட்டாவது வேலை. அந்தப் பழைய குறிப்பை ஃபோனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. பால்கனி ஸ்டூலுக்கு மட்டும் நாலாவது கால் போட்டுவிட்டேன்.

போன ஞாயிறு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பாத்ரூமிலிருந்து அம்மா குரல் வந்தது. சோப்பு தீர்ந்துவிட்டதாம். புதுசு எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒரு சாண் திறந்து, அம்மாவின் வலது கை சோப்புக்காக வெளியே நீண்டது. அடிபட்ட இடது கை எதைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்க முடியாதே. சோப்பைக் கொடுத்தேன். கதவு மூடியது. வெளியே நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.