விபூதி போட்டுத் துலக்கிய துருவக் கரடி

குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். காமாட்சி விளக்கு, குங்குமச்சிமிழ், பாலாடை எல்லாம் பளபளவென்று துணியில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே என் கணவரின் வெள்ளி நாணயம்.

“நடுவுல மட்டும் மங்கிக் கிடந்துச்சுடி. ரெண்டு சிட்டிகை விபூதி போட்டுத் தேய்ச்சேன்” என்றாள் அம்மா. பிரசவம் பார்க்க ஊரிலிருந்து கனடா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. அது ராயல் கனடியன் மின்ட் சேகரிப்பாளர்களுக்காக அடிக்கும் நாணயம். ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 99.99 சதவிகிதம் சுத்த வெள்ளி. பின்னணி முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். துருவக் கரடி, கரிபு மான், ஆர்க்டிக் நரி ஆகிய உருவங்கள் மட்டும் பனி படிந்த மாதிரி வெளுத்துத் தெரியும். வேண்டுமென்றே அப்படிச் செய்வது. அம்மா மங்கல் என்று நினைத்தது அதைத்தான். மேலே வானத்தில் பச்சையும் ஊதாவுமாக வண்ணம் பூசிய துருவ ஒளி.

விரல் ரேகை பட்டால்கூட மதிப்புக் குறையும் என்று, கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். மகள் பிறந்த அன்று அவளுக்கென்று வாங்கியது. நாணயத்தில் 20 டாலர் என்றுதான் இருக்கும். கொடுத்தது நூறுக்கு மேல். கடையில் காட்டியபோது எடை போட்டு, வெள்ளி விலை மட்டும் சொன்னார்கள்.

“ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?” என்று கத்திவிட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அன்று ராத்திரி, ஊரில் மாற்றிக்கொண்டு வந்திருந்த டாலர்களை எண்ணி என் கையில் வைத்து, “மாப்பிள்ளைகிட்ட குடுத்துடு” என்றாள். வாங்க மறுத்தேன். அதன்பிறகு, “இந்தப் பாத்திரத்தை எடுக்கலாமா? இந்தக் குழாயைத் திறக்கலாமா?” எல்லாவற்றுக்கும் அனுமதி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

2024 மே 10, வெள்ளிக்கிழமை இரவு. “அத்தை, சீக்கிரம் வாங்க!” என்று என் கணவர் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். 2003-க்குப் பிறகு வந்த மிகப் பலமான சூரியப் புயல் அது. சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனில் மோதினால் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பச்சை, அதற்கும் மேலே சிவப்பு. வழக்கமாக யெல்லோநைஃப் போன்ற வடக்கு ஊர்களுக்குப் போனால்தான் நன்றாகப் பார்க்கலாம். அன்று தெற்கு ஒன்டாரியோவில் எங்கள் கொல்லைப்புறத்துக்கே வந்துவிட்டது. லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததாம்!

புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸோடு செருப்பு. அம்மா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இந்த ஒளியைப் பார்த்து விசிலடித்தால் கீழே இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று இன்யூட் மக்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள் என்றார் கணவர். “நம்மூர் பூச்சாண்டி!” என்றாள்.

மொபைல் கேமராவில் பச்சையும் ரோஸுமாக ஜொலித்தது. வெறும் கண்ணுக்கோ, கற்பூரப் புகை மாதிரி வெளிறிய ஓர் அசைவுதான்.

“காசுல இருந்த பச்சை இதுல இல்லையே மாப்பிள்ளை” என்றாள் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, “இதையும் யாரோ விபூதி போட்டுத் தேய்ச்சுட்டாங்க போல.”

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே குழந்தை விழித்துக்கொண்டது.

மறுநாள் காலை, யாரையும் கேட்காமல் என் புது நான்-ஸ்டிக் தவாவைக் கம்பி நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை.