அப்பத்தாவுக்கு எதிரே ஓர் ஆள்

காரைக்குடியில் ஒரு வீட்டு பீரோ. பட்டுப்புடவைகள் இருக்க வேண்டிய கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கேட்டன், கார்கசோன், டிக்கெட் டு ரைடு, ஓரம் கிழிந்த டிரேட், கேரம் காய் டப்பா, இரண்டு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. எல்லாம் வீட்டுக்காரம்மாவின் சொத்து. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 42. உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் பொங்கல் போனஸில் நகைச்சீட்டு கட்டுவார்கள். இவர் விளையாட்டுப் பெட்டி வாங்குவார்.

"இந்தப் பெட்டி விலைக்கு ரெண்டு சிப்பம் அரிசி வாங்கலாம்" என்பது ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கணவரின் மாறாத கணக்கு. "பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்க வேணாமா?" என்பது டீச்சரின் மாறாத பதில். அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு தாயக்கட்டையை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் இரண்டே விதம்தான் தாயம். ஆக, எட்டுக்கு ஒன்று. பன்னிரண்டு விழுவது பதினாறுக்கு ஒன்று. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காருமாம்.

அவருடைய வார இறுதி எப்போதும் ஒரே மாதிரிதான். சனிக்கிழமை சாயங்காலம் மேசை விளையாட்டு. ஞாயிறு காலை பக்கத்துத் தெரு அக்காவிடம் கொட்டான் பின்னப் பழகுவது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய படம். ஊர், உறவில் விசேஷம் இருந்தால் தவிர இந்த வரிசை மாறாது.

ஆனால் மேசை விளையாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், எதிரே உட்கார ஆளை வாங்க முடியாது. கேட்டனுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். கணவருக்குச் சனிக்கிழமைதான் வியாபாரம். கடை சாத்த ஒன்பதாகிவிடும். பத்தாவது படிக்கும் மகன் வருவான், ஒரு கையில் செல்போனோடு. தன் முறை வரும்போது மட்டும் தலையைத் தூக்குவான். மூன்றாவது ஆள் அந்த வீட்டிலேயே இருந்தார். அறையை விட்டுத்தான் வரவில்லை.

மாமனார் போன வருடம் ஐப்பசியில் காலமானார். ஆத்தங்குடிக் கல் பதிக்கும் மேஸ்திரியாக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீட்டு முகப்பில் அவர் பதித்த கல் இன்றும் இருக்கிறது. காரியம் முடிந்து, உறவினர்கள் ஊருக்குக் கிளம்பியதும் மாமியார் தன் அறைக்குள் போனார். சாப்பிட வருவார், குளிப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் தரையில் பல்லாங்குழிப் பலகையை வைத்துக்கொண்டு புளியங்கொட்டை போட்டுக்கொண்டிருப்பார்.

தனியாகப் பல்லாங்குழி ஆட முடியுமா என்று கேட்கலாம். முடியும். அதற்குச் சீதைப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை பொழுதுபோகாமல் ஆடியது என்பார்கள். ஏழு குழியில் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2, 1 என்று கொட்டைகள். ஏழு இருக்கிற குழியை அள்ளி, அதே குழியில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அள்ளிய குழியில் ஒன்று நிற்கும், அடுத்த குழி ஏழாகிவிடும். அதை அள்ளினால் அதற்கு அடுத்தது ஏழாகும். இப்படி ஏழு முறை அள்ளினால் ஆரம்பத்தில் இருந்த அதே 7, 6, 5, 4, 3, 2, 1 திரும்ப வந்துவிடும். ஜெயிப்பு, தோல்வி, முடிவு எதுவும் கிடையாது.

கணக்கு டீச்சருக்கு முதலில் அது அழகாகத்தான் தெரிந்தது. கரும்பலகையில் போட்டுக் காட்டலாமே என்று நோட்டில் குறித்தும் வைத்தார். இரண்டு மாதமாகியும் அந்த அறையிலிருந்து அதே சத்தம் அதே வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

"அத்தை, ஒரு கை குறையுது. வர்றீங்களா?"

"நீங்க ஆடுங்க, எனக்கென்ன தெரியும்?"

நாலைந்து சனிக்கிழமை இதே பதில். பிறகு டீச்சர் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மேசையை அறை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டார். கேட்டன் ஆட்டத்தில் மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாதுக்கல் எல்லாம் சீட்டாகக் கையில் இருக்கும். மற்றவர்களோடு பேரம் பேசி மாற்றிக்கொள்ளலாம். ஆள் மசியாவிட்டால் ஒரே பொருளில் நான்கைக் கொடுத்து, வேண்டியதில் ஒன்றை வங்கியில் வாங்கலாம். அன்றைக்கு எதிர்வீட்டுப் பையனும் வந்திருந்தான். மகன் நாலு செங்கல்லை வைத்துவிட்டு ஓர் ஆட்டை எடுத்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாலே நாலு செங்கல்லுக்கு ஒரு ஆடா? திருப்புவனம் சந்தையில போயி இப்படிக் கேளு, அடிக்க வருவாய்ங்க!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து வரவும் இல்லை. ஆனால் அன்று புளியங்கொட்டைச் சத்தம் நின்றிருந்தது.

அவரை வெளியே கொண்டுவந்தது கார்கசோன். பிரான்ஸில் உள்ள ஒரு பழைய கோட்டை நகரத்தின் பெயர் அது. கிளாஸ்-யூர்கன் ரேடே என்ற ஜெர்மானியர் உருவாக்கி 2000-இல் வெளிவந்த ஆட்டம். சதுரமான 72 அட்டைகள். ஒன்றில் பாதை, ஒன்றில் கோட்டைச் சுவர், ஒன்றில் வயல். ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுத்து, ஏற்கெனவே வைத்ததோடு ஓரம் பொருந்தும்படி வைக்க வேண்டும். பாதை பாதையோடு சேர வேண்டும், சுவர் சுவரோடு. படிக்க ஓர் எழுத்துகூட அட்டையில் இல்லை.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவர் சொம்போடு நின்று பார்த்தார். மகன் ஓர் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி முழித்துக்கொண்டிருந்தான்.

"அதை அங்க வச்சா மூலை அடிபடும்டா. இந்தப் பக்கம் திருப்பு."

"எங்க அப்பத்தா?"

சொம்பைக் கீழே வைத்தார். அட்டையை வாங்கினார். வைத்தார். விரல் நுனியால் நாலு பக்கமும் லேசாகத் தட்டி, பக்கத்து அட்டையோடு ஒட்ட வைத்தார். கல் பதிக்கிறவர்கள் கடைசியில் தட்டுவார்களே, அந்தத் தட்டு. டீச்சர் மூச்சுவிடாமல் அடுத்த அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். வயல் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு, பாதைக்கும் கோட்டைக்கும் மட்டும் புள்ளி போட்டார்கள். அப்பத்தா கடைசி இடம்தான். ஆனால் அன்றிரவு உட்கார்ந்து, முழுப் பந்தியையும் பார்த்து, "இந்த மூலையில ஒரு கல்லு ஒக்காரல" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் அவர் கைக்குப் போய்விட்டன. பெட்டி ஆட்டங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாகி, பல்லாங்குழி எதிரும் புதிருமாக ஆடும் ஆட்டமானது. மகன் போனில் விதிகளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து சண்டை போட்டான். குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அதில் தகராறு இல்லை. எத்தனை கொட்டையில் ஆரம்பிப்பது, நடுக்குழியை என்ன செய்வது என்பதில்தான் போனும் அப்பத்தாவும் ஒத்துப்போகவில்லை. "அது அவுக வீட்டு ஆட்டம். இது எங்க ஆத்தா வீட்டு ஆட்டம்" என்று முடித்துவிட்டார். டீச்சர் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினார். இந்த விதிகள் வீட்டுக்கு வீடு வேறு. எழுதாவிட்டால் சொன்னவரோடு போய்விடும். போனில் தாயம் ஆடலாம், கட்டை நேர்மையாகத்தான் உருளும். ஆனால் "கட்டை ஓரத்துல சாஞ்சு நிக்குது, செல்லாது" என்று அதனோடு மல்லுக்கட்ட முடியாதே!

ஞாயிறு காலையில் டீச்சர் பின்னுகிற கொட்டான்கள் முதலில் கோணல்மாணலாகத்தான் வந்தன. பனையோலை காய்ந்திருந்தால் ஒடியும், ஈரம் பிடித்தால்தான் வளைந்து கொடுக்கும். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இவர் பின்னியதைப் பார்த்திருந்தால் கொடுக்கத் தயங்கியிருப்பார்கள். இருந்தாலும் இப்போது புளியங்கொட்டைக்கு ஒன்று, தாயக் காய்களுக்கு ஒன்று என்று சிவப்பும் பச்சையுமாக இரண்டு தேறியிருக்கின்றன.

படம் விஷயத்துக்கு வருவோம். ஒரு ஞாயிறு மத்தியானம் 'கர்ணன்' போட்டார்கள். பி.ஆர்.பந்துலுவின் 1964 படம். 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரைக்கு வந்தபோது மாமனார்தான் மொத்தக் குடும்பத்தையும் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருந்தார். அதனாலேயே டீச்சருக்குக் கொஞ்சம் தயக்கம். கர்ணனும் பானுமதியும் சொக்கட்டான் ஆடும் காட்சி வந்தது. வியாசர் சொல்லாத, வில்லிபுத்தூரார் தமிழில் சொன்ன கதை. துரியோதனன் வருவதைக் கண்டு பானுமதி எழுந்திருக்க, அதைக் கவனிக்காத கர்ணன் பிடித்து இழுக்க, முத்துகள் சிதறும். அங்கே துரியோதனனின் பெருந்தன்மையைப் பார்த்து ஊரே உருகும்.

அப்பத்தா உருகவில்லை. "பாதி ஆட்டத்துல எந்திரிச்சா கோவம் வராதா பின்னே? ஒங்க ஐயா என்ன செய்வாரு தெரியுமா? தோக்குற மாதிரி இருந்தா, துண்டை உதறுற சாக்குல பலகையையே கவுத்திருவாரு."

வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஐப்பசிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து கணவரைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. மகன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். "நெசமாவா அப்பத்தா?" என்றான். அதற்கு மேல் அன்றைக்குக் கர்ணன் நகரவில்லை. கல்யாணமான புதிதில் திண்ணையில் தாயம் ஆடியது, ஒரு ரூபாய் பந்தயம், தோற்றால் மறுநாள் அவரே காபி போடுவது எல்லாம் சாயங்காலம் வரை ஓடியது. சொல்லும்போது இரண்டு முறை அழுதார். டீச்சர் நோட்டை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் ஒரு காகிதத்தில் ஏழுக்கு ஏழு தாயக் கட்டம் வரைந்து, மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறினார். கல் செய்கிற பட்டறையில் கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துகிறார்கள். காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து உலர்த்துவார்கள். கண்ணாடி விலகும்போது கல் பளபளக்கும். மெருகேற்ற மெஷின் கிடையாது, சூளையும் கிடையாது.

காகிதத்தைப் பார்த்த பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். தாயம் போட்டு யாரும் இதுவரை கல் கேட்டதில்லையாம். மாமியார் எந்த மேஸ்திரியின் வீட்டம்மா என்று தெரிந்ததும் நாற்காலி வந்தது, மோர் வந்தது. அவர் நாற்காலியில் உட்காராமல், தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு காகிதத்தை வாங்கி, "பெருக்கல் குறி இங்க வராது, இங்க வரும்" என்று இரண்டு இடத்தை மாற்றினார். வெட்டுப்படாமல் காய் தங்கும் கட்டங்கள் அவை. எந்த வீட்டு விதி என்று டீச்சர் கேட்கவில்லை.

கல் இப்போது முகப்பில் ஒரு பலகை மேல் இருக்கிறது. கறுப்புக் கோடு ஓரிடத்தில் லேசாகக் கசிந்திருக்கிறது. கையால் ஊற்றினால் அப்படித்தான். போன சனிக்கிழமை கணவர் கடை சாத்திவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாலாவது ஆளாக உட்கார்ந்தார். பதினோரு முறை உருட்டியும் அவருக்குத் தாயம் விழவில்லை. ஒரு காய்கூட வெளியே வராமல் எட்டுக்கு ஒன்று கணக்கை மனைவியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பத்தாவுக்கு மூன்று காய் பழுத்து, கடைசிக் காய்தான் பாக்கி.

"மணி பத்தாகுது, சாப்பிட்டுட்டு வந்து ஆடுவோமா?" என்று துண்டை எடுத்து உதறினார்.

"துண்டக் கீழ வை" என்றார் அப்பத்தா.