வளையும் மெல்லேடு

காந்தமும் மின்சாரமும் எம் ஊரார்க்குப் புதியன அல்ல. 1932-இல் பைகாரா மின்னிலையம் இயங்கத் தொடங்கியபின் கோயமுத்தூரில் ஆலைகள் பெருகின. 1937-இல் ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை இங்கே ஆக்கினர் என்பர். ஆர்.எஸ்.புரத்தில் யாம் குடியிருக்கும் வீதியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் முதியவர் ஒருவர் உளர். எம் ஆராய்ச்சி இன்னதென்று கேட்டறிந்த அவர், “கம்பியே சுத்தாமெ கரண்டுக்குங் காந்தத்துக்கும் என்ன சம்பந்தங் கண்ணு?” என்றார். எம் ஆராய்ச்சி ஆண்டுகள் அனைத்தும் இவ்வினாவினுள் அடங்கியிருத்தலின், விடையை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கம்பிச் சுருளின்றியே இரண்டு தன்மைகளையும் தன்னகத்துக் கொண்ட பொருள்கள் சில உள. அவற்றுள் தலையாயது பிஸ்மத் ஃபெரைட்டு. அதன் மின்னொழுங்கு ஏறத்தாழ 830 பாகை சென்டிகிரேடு வரையிலும், காந்தவொழுங்கு ஏறத்தாழ 370 பாகை வரையிலும் குலையாது. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இராமமூர்த்தி ரமேஷ் அவர்களும் துணைவரும் 2003-இல் அமெரிக்காவில் இதனை மெல்லேடாக வளர்த்துக் காட்டினர்; அறிஞருலகம் இதன்பாற் பெரிதும் திரும்பியது அதன் பின்னரே.

ஆயினும் அது பீங்கானினம், வளைத்தால் உடையும். ஆதலின் அதனைத் துகளாக்கி, பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்னும் பிளாஸ்டிக்கின் கரைசலிற் கலந்து, கண்ணாடித் தட்டில் வார்த்து உலர்த்துகின்றோம். அப்பிளாஸ்டிக்கும் வாளா கிடப்பதன்று. இழுத்து, வலிய மின்புலத்தில் நிறுத்தினால், பின்னர் அழுத்துந்தோறும் அது மின்சாரம் தரும் என்பதை 1969-இல் ஜப்பானியராகிய கவாய் கண்டார்.

இடர் இங்கேதான் தோன்றுகின்றது. காந்தம் மிகவேண்டித் துகளை மிகுத்தால், துகள்கள் தம்முள் ஒட்டித் திரள்கின்றன. திரள்களின் வழியே மின்சாரம் கசிகின்றது. ஏடும் அப்பளம்போல் நொறுங்குகின்றது. கசியும் ஏடு மின்புலத்தைத் தாங்காது. துகளைக் குறைத்தாலோ காந்தம் பெயரளவிற்றே. சூளையில் பிஸ்மத் ஆவியாய்ப் போவதால் ஆக்ஸிஜனுக்குரிய இடங்கள் வெறுமையாகி, அதுவும் கசிவிற்கு வழியாகும்; சிறிது லாந்தனம் சேர்ப்பது அதற்கு மருந்து.

இனித் துகளின் அளவு. இப்பொருளில் காந்தத்திசைகள் 62 நானோமீட்டருக்கு ஒருமுறை முழுச்சுற்றுச் சுழன்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. துகள் அதனினும் சிறுத்தால் சுழற்சி முற்றுப்பெறாது. அழியாத காந்தம் எஞ்சும். ஆகவே துகளை மிகுத்தலினும் நுண்ணிதாக்கலே நன்றென்பது எம் துணிபு. நுண்துகள் இன்னும் எளிதில் திரளுமே என்பாரும் உளர், அது மெய்யே. அதன்பொருட்டே ஒவ்வொரு துகளின்மேலும் மெல்லிய போர்வையிட்டுக் கலக்குகின்றோம்.

எம் உதவித்தொகை இவ்வாண்டோடு முடிகின்றது. வார்த்தவற்றுள், விரலிற் சுற்றியும் விரிசல் காணாத ஏடு ஒன்று கைவசம் உளது. அதன் கசிவை இனித்தான் அளக்கவேண்டும்.