நடுக்கடல்ல தள்ளிக்கிட்டு வர முடியாது

போன சனிக்கிழமை. ஆபீஸ் ஆணி எதுவும் இல்லை. காபியோட ஜன்னல் பக்கத்துல உக்காந்து பனி கொட்டுறதை வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன். வெளியே மைனஸ் 24. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"உங்க அப்பா எஞ்சின் மெக்கானிக்னு ஒரு தடவை சொன்னீங்களே, கொஞ்சம் எங்க கராஜ் வரைக்கும் வர முடியுமா?"

அப்பா மெக்கானிக்னா பையனுக்கும் தெரியும்னு ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எக்செல் ஷீட்தான் :) இருந்தாலும் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

நான் இருக்கறது கனடாவில், சுப்பீரியர் ஏரிக்கரையில, தண்டர் பே. குளிர்காலத்துல இங்க பாதிப் பேர் வீட்டுல ஸ்னோமொபைல் நிக்கும். பனியில ஓடுற பைக்குனு வெச்சுக்கங்க. முன்னாடி ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னாடி சக்கரத்துக்குப் பதிலா ரப்பர் பட்டை. பம்பார்டியர் கம்பெனி 1959-ல் ஸ்கி-டூன்னு ஒண்ணை விக்க ஆரம்பிச்ச பிறகுதான் இது சாதாரண ஜனங்க வண்டி ஆச்சு. நம்ம ஆளு வெச்சிருக்கறதும் அதோட பழைய மாடல்தான். ரெண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆஸ்திரியாவோட ரோட்டாக்ஸ் எஞ்சின்.

அவரும் அவரோட 17 வயசுப் பையனும் மறுநாள் நிப்பிகன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போறாங்க. உறைஞ்ச ஏரி மேல வண்டியில போய், பனிக்கட்டியில ஓட்டை போட்டு, தூண்டில் விடுறது. வண்டி மெதுவா நல்லாத்தான் போகுதாம். முறுக்கினா மட்டும் சத்தம் வருது, வேகம் வரலை.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்ல பொதுவா தனியா வால்வு கிடையாது. சிலிண்டர் சுவத்துல ஒரு ஜன்னல் இருக்கும், பிஸ்டன் மேலேயும் கீழேயும் போகும்போது அதை மூடித் திறக்கும். புகை அது வழியா வெளியே போகும். அந்த ஜன்னல் உயரமா இருந்தா வேகத்துல நல்லா இழுக்கும், மெதுவா போறப்ப திணறும். தாழ்வா இருந்தா இதுக்கு நேர் எதிர். ரெண்டும் வேணும்னு இந்த எஞ்சின்ல ஒரு தகடு வெச்சிருக்காங்க. நம்ம வீட்டு ஜன்னல் ஷட்டர் மாதிரி. மெதுவா போகும்போது கீழே இறங்கி ஜன்னலைச் சின்னதாக்கும். வேகம் கூடினதும் புகையோட அழுத்தமே ஒரு ரப்பர் துருத்தியை ஊதி, ஸ்பிரிங்கை எதிர்த்து, தகட்டை மேலே தூக்கும். எஞ்சின்ல எரியிற எண்ணெய்க்கரி இந்தத் தகட்டுல படிஞ்சு படிஞ்சு ஒருநாள் அது ஒட்டிக்கும். கீழேயே ஒட்டிக்கிட்டா, இவர் வண்டி மாதிரிதான்.

சரி, கழட்டினோம். மேல இருந்த கிளிப்பை எடுத்து மூடியைத் திறந்தா உள்ளே ஸ்பிரிங். அதுக்கு அடியில துருத்தி. அப்புறம் ரெண்டு போல்ட்டு. இழுத்தா வரணும், வரலை. ஆட்டி ஆட்டி இழுத்தப்ப வந்துச்சு. கன்னங்கரேல்னு, தார்ல முக்கி எடுத்த மாதிரி ஒரு தகடு.

அந்தக் கரி வாசனை மூக்குல ஏறினதும் எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. நேரா விழிஞ்ஞம்.

விழிஞ்ஞம் திருவனந்தபுரத்துல இருந்து தெற்கே 16 கிலோமீட்டர். இப்ப பெரிய கன்டெய்னர் துறைமுகம், 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி திறந்தாங்க. நான் சொல்றது அதுக்கு ரொம்ப முன்னாடி, மீன்பிடித் துறைமுகம் மட்டும் இருந்த காலம். எங்களுக்குச் சொந்த ஊர் குளச்சல். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னாடி குளச்சலும் விழிஞ்ஞமும் ஒரே திருவிதாங்கூர்தான், அதனால வேலைக்கு அந்தப் பக்கம் போறது வெளியூர் போற மாதிரியே இருக்காது. அப்பா 1984-ல் அங்கே போய் ஓலை ஷெட் ஒண்ணு போட்டார். நான் நாகர்கோவில்ல ஆச்சி வீட்டுல இருந்து படிச்சேன், லீவு விட்டா விழிஞ்ஞம்.

கட்டுமரத்துலயும் துடுப்பு வள்ளத்துலயும் போனவங்க எல்லாம் எஞ்சினுக்கு மாறினது எண்பதுகள்லதான். யமஹா, சுஸுகி, எல்லாம் வள்ளத்தோட பின்பக்கம் மாட்டுற டூ-ஸ்ட்ரோக். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணுவாங்க, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திடுவாங்க. மண்ணெண்ணெய் விலை கம்மி, ஆனா பெட்ரோல் மாதிரி சுத்தமா எரியாது. கூடவே கலக்குற எண்ணெய். எரியாத மிச்சம் எல்லாம் கரியாகி ஜன்னலை அடைக்கும், பிளக்கை மூடும், பிஸ்டன் ரிங்கு உக்காருற பள்ளத்துல போய் இறுகும். 1980-ல் தொடங்கின தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்புக்குத் திருவனந்தபுரத்துல தலைமை அலுவலகம். அவங்க எஞ்சின் ரிப்பேருக்குப் பட்டறையே நடத்தினாங்கன்னா பாத்துக்கங்க, அந்த அளவுக்கு வேலை இருந்துச்சு. மிச்சத்தை அப்பா மாதிரி ஓலை ஷெட்காரங்க பாத்தாங்க.

அப்பாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் பயங்கர வேலை. வெள்ளிக்கிழமை முஸ்லிம் வள்ளக்காரங்க கடலுக்குப் போகமாட்டாங்க, அன்னைக்கு அவங்க எஞ்சின். ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவ வள்ளக்காரங்க போகமாட்டாங்க, அன்னைக்கு அவங்க எஞ்சின். அப்பாவுக்கு லீவுன்னு ஒரு நாள் இருந்து நான் பாத்ததில்லை.

எனக்குக் குடுக்கற வேலை கரி சுரண்டுறது. பிஸ்டனை மேலே கொண்டு வந்து ஜன்னலை மூடிக்கணும், இல்லைன்னா சுரண்டுற கரி உள்ளே விழுந்துடும். முனை மழுங்கின ஆக்சா பிளேடால, கீறல் விழாம எடுக்கணும். ரிங்குப் பள்ளத்துக்கு மட்டும் உடைஞ்ச பழைய ரிங்குத் துண்டு, ஏன்னா அந்தப் பள்ளத்துக்குச் சரியான அளவு அதுதான். கடைசியில ரெண்டு ரிங்கும் சுத்தி எல்லாப் பக்கமும் அமுங்கி எழும்புதான்னு விரலால பாக்கணும். "எல்லாப் பக்கமும்" அப்பாவோட வார்த்தை.

1993 மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு 15 வயசு. சாயங்காலம் தூர்தர்ஷன்ல மலையாளப் படம். பக்கத்து வீட்டுல டிவி, நேரம் ஆகிடுச்சு. கீழ் ரிங்கு ஒரு பக்கம் நல்லா அசைஞ்சது. மறுபக்கம் கொஞ்சம் கடினமா இருந்துச்சு. கழட்டிப் பள்ளத்தைச் சுரண்டினா இன்னும் அரை மணி நேரம். "முடிஞ்சுதாலே?"ன்னு அப்பா வேற எஞ்சின்ல இருந்து தலையைத் தூக்காம கேட்டார். முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். அப்பா நம்பி மூடிட்டார்.

திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடி அந்த வள்ளம் மூணு பேரோட போச்சு. மத்தியானம் திரும்பணும், வரலை. சாயங்காலமும் வரலை. அப்பல்லாம் செல்போன் ஏது. கடப்புறத்துல அந்த வீட்டுப் பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. யாரும் அழலை, பேசவும் இல்லை, கடலைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் ஷெட்டுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். இன்னைக்கும் ராத்திரி சில நேரம் அந்த முதுகுங்க கண்ணுல வரும்.

செவ்வாய்க்கிழமை காலைல இன்னொரு வள்ளம் அவங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சு. மூணு பேரும் உசிரோட இருந்தாங்க. எஞ்சின் பிடிச்சுப் போய், நீரோட்டத்துல ராத்திரி முழுக்க மிதந்திருக்காங்க.

அப்பா அங்கேயே எஞ்சினைத் திறந்தார். பிஸ்டனைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தார். கீழ் ரிங்கு ஒரு பக்கம் பள்ளத்துல அப்படியே ஒட்டியிருந்தது. என்னை ஒரு தடவை பாத்தார், அவ்வளவுதான். வள்ளக்காரர்கிட்ட, "எனக்க வேலையில தப்பு. பிஸ்டனும் போரிங் கூலியும் நான் பாத்துக்கிடுதேன்"னு சொன்னார். என் பேரே வரலை. அந்த வருஷம் எனக்கு ஸ்கூலுக்குப் புதுச் செருப்பு வரலை. நானும் கேக்கலை.

ராத்திரி சோறு திங்கும்போது மட்டும் சொன்னார்: "சைக்கிளு நின்னா தள்ளீட்டு வரலாம் மக்ளே. நடுக்கடல்ல தள்ளீட்டு வர முடியாது."

கராஜுக்கு வருவோம். பையன் ஒரு வால்வை மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு, மெல்லிய பித்தளை பிரஷ்ஷால நல்லாவே தேய்ச்சான். ரெண்டாவதுல தகட்டோட ஓரத்துல கொஞ்சம் கரி மிச்சம் இருக்கறப்பவே, "போதும், இது ஓடும்"னு மூடப் போனான். ஹாக்கி மேட்ச் ஆரம்பிக்கப் போகுதாம்.

நான் அதை அவன் கையில இருந்து வாங்கி மறுபடி மண்ணெண்ணெய்ல போட்டேன். "எல்லாப் பக்கமும்"னேன். முறைச்சான். அப்புறம் அவன் தேய்க்கத் தேய்க்க விழிஞ்ஞம் கதையைச் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல யார்கிட்டயும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. பையன் ஒண்ணும் சொல்லலை. மேட்ச் பாதி முடிஞ்ச பிறகுதான் எழுந்தான்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்ப 76, குளச்சல்ல இருக்கார். பனியில ஓடுற வண்டி, அதுல ஒரு ஷட்டர், அதைத் தூக்க ஒரு ரப்பர் துருத்தின்னு சொன்னேன். ஆர்வமா கேட்டார். கடைசியா, "அன்னைக்கு அந்த ரிங்கு... நான்தான்பா"ன்னேன்.

"அது கெடக்கட்டும்"னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தத் துருத்தி ரப்பருன்னு சொன்னேல்லா. கிழிஞ்சிருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தியா?"

பாக்கலை. துடைச்சு மாட்டினோம், அவ்வளவுதான். அதுல ஓட்டை இருந்தா காத்து இறங்கிடும், தகடு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் மேலே ஏறாது.

மணி பத்து. ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பைஜாமாவோட வந்து அவர் கராஜைத் திறந்தார். பையனும் எழுந்து வந்தான். ரெண்டு மூடியையும் திறந்து, துருத்தியை விரிச்சு, அவன் டார்ச் அடிக்க, நான் ஒவ்வொரு மடிப்பா பாத்தேன்.

ரெண்டுலயும் கிழிசல் இல்லை. இருந்தாலும் பாத்தாச்சு.