மாடுகளும் குண்டம் இறங்கும் பண்ணாரி

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் எங்கள் சிந்து மாட்டுக்குப் பெரியம்மை வந்துவிட்டது. காலையில் தீவனம் எடுக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் கழுத்திலும் விலாவிலும் நெல்லிக்காய் கணக்காகக் கட்டிகள். முன்னங்கால் வீங்கிப் படுத்ததுதான், எழவே இல்லை. இரண்டு மாசச் சினை வேறு. ஊரில் தடுப்பூசி போட்ட அன்று நான் மஞ்சள் விற்க ஈரோட்டுக்குப் போயிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

கால்நடை மருத்துவர் வந்து காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் ஊசி போட்டார். தேசிய பால்வள வாரியம் வெளியிட்டிருக்கும் மூலிகை மருந்தையும் கூடவே கொடுக்கச் சொன்னார். 10 வெற்றிலை, 10 கிராம் மிளகு, 10 கிராம் கல் உப்பு. அரைத்து வெல்லம் சேர்த்து நாக்கில் தடவ வேண்டும். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் மூன்று வேளை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைக்க வேண்டும். நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருக்க, அம்மா கட்டுத்தறியில் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வேண்டிக்கொண்டது: "பண்ணாரித் தாயி, இதை எழுப்பிக் குடுத்துரு. பங்குனிக்கு உன்ற குண்டத்துல இறக்கிடறேன்."

ஒன்பதாம் நாள் மாடு எழுந்து நின்றது. சினையும் தங்கிவிட்டது.

வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் சாலையில், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், மலை ஏறும் முன்னால் வரும் கோயில் பண்ணாரி மாரியம்மன். அதைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம் மலைப்பாதை. சுற்றிலும் புலிகள் காப்பகக் காடு. கர்நாடகக்காரர்கள் நம்மவர்களுக்குச் சமமாக வருவார்கள். கோயில் வாசலில் தமிழும் கன்னடமும் கலந்துதான் காதில் விழும்.

கோயில் உண்டான கதையே மாட்டுக் கதைதான். தோரணப்பள்ளம் என்ற காட்டாற்றுப் பக்கம் மேய்ந்த மாடுகளில் ஒன்று பட்டியில் கன்றுக்கும் பால் விடவில்லை, கறக்கவும் விடவில்லை. மாட்டுக்காரர் ஒளிந்திருந்து பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு வேங்கை மரத்தடியில் கணாங்குப் புல் மூடிய இடத்தில் தானாகப் பாலைச் சொரிந்ததாம். புல்லை விலக்கினால் புற்றும், சுயம்புவாக லிங்க வடிவமும் இருந்தன என்பார்கள். அம்மன் தெற்குப் பார்த்து இருக்கிறாள். இங்கே திருநீறு கிடையாது. புற்று மண்தான் பிரசாதம்.

பங்குனியில் பூச்சாட்டு ஆனதும் சப்பரத்தில் அம்மன் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் போய் வருவாள். அவள் திரும்பி வந்த பிறகு கோயில் முன்னால் குண்டம். அதற்குப் போடும் விறகுக்குப் பெயர் எரிகரும்பு. விறகைக் கரும்பு என்று சொன்ன மனசை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீராது. செவ்வாய்க்கிழமை விடியலுக்கு முன்னால் பூசாரி முதலில் இறங்குவார், பிறகு இரண்டு மூன்று நாளாக வரிசையில் காத்துக்கிடக்கும் சனம். அவர்கள் எல்லாரும் இறங்கி முடிந்து, மதியத்துக்கு மேல், மாடுகளின் முறை.

எங்கள் வீட்டுப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. பங்குனி வந்தபோது மாடு ஏழு மாசச் சினை. "வண்டியில ஏத்திக் கூட்டத்துல கொண்டு போறதே தப்புங்க, நெருப்புல ஓட்டறதைப் பத்திப் பேசவே வேண்டாம்" என்றார் மருத்துவர். எனக்கும் அதே எண்ணம். அம்மாவுக்குக் கோபம். "எழுப்பிக் குடுத்தவளுக்குக் குடுத்த வாக்கு என்னாகறது?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவிதான் சமாதானம் செய்தாள்: "அத்தை, நீங்களும் அவரும் போய்ட்டு வாங்க. மாடு நம்மளுதுதானுங்க, நாம போனா அது போனாப்பல."

அம்மா கிளம்பும்போது மாட்டின் தும்புக் கயிறு ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது. கூடவே ஒரு படி உப்பு, கால் கிலோ மிளகு.

திருவிழாவுக்குச் சத்தியிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மனிதர்கள் இறங்கும் வரிசை முடியும் தறுவாயில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. மரத்தடி முழுக்க மாடுகள். செம்மறை நிறத்தில் பர்கூர் மாடுகள், காங்கேயம் காளை ஒன்று, மீதி எங்கள் வீட்டில் நிற்பதைப் போன்ற சிந்து மாடுகளும் கன்றுகளும். கொம்புக்கு மஞ்சள், நெற்றிக்குக் குங்குமம்.

மாடுகளை ஓட்டும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்நேரத்துக்குக் கங்கு அடங்கிச் சாம்பல் பூத்திருந்தது. முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து ஓட, பின்னால் ஒருவர் தட்டிவிட, நாலே எட்டில் கடந்துவிட்டன. ஒரு கிடேரி மட்டும் விளிம்பில் நின்றுகொண்டு நகரவே இல்லை. அதை யாரும் அடிக்கவில்லை. ஓரமாகச் சுற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள். மாடு வைத்திருப்பவர்கள் கூடிய கூட்டம் அது என்று அப்போது தோன்றியது.

பக்கத்தில் நின்ற தாளவாடிப் பெரியவர் எங்கள் பையிலிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். அம்மா சொன்னது. அவர் சிரித்தார். "சினை மாட்டை அவளே வேண்டாம்பா, ஆத்தா. உப்பு மிளகு போட்டுட்டுப் போங்க. நோவு மாட்டையும் இங்க கூட்டியாரக் கூடாதுங்க. ஒண்ணுலருந்து ஒம்பதுக்கு ஒட்டிக்கும்."

அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். ஈயும் கொசுவும் உண்ணியும் பரப்பும் நோய் அது. கட்டி இருக்கும் மாட்டை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் பிரித்துக் கட்டுவதுதான் முதல் வைத்தியம். வேண்டுதல் வைத்தவர்கள் மாடு முழுக்கத் தேறிய பிறகு கூட்டி வரட்டும்.

அம்மா குண்டத்தின் ஓரத்தில் உப்பையும் மிளகையும் தூவியது. தும்புக் கயிற்றை மண்ணில் ஒரு தரம் தொட்டு எடுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசியில் நான் அம்மியில் அரைத்ததும் இதே உப்பு, இதே மிளகு. அம்மாவிடம் சொன்னேன். "அது தெரியாமயா போடறோம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது.

திருவிழாக் கூட்டம் ஆகாதவர்கள் சாதாரண நாளில் போகலாம். அமாவாசையும் செவ்வாய், வெள்ளியும் நெரிசல். அப்படியே மைசூர்ப் பக்கம் போகிறவர்கள் பகலிலேயே மலை ஏறிவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவில் அந்தச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. மேலே கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்கும் இடங்களும் உண்டு. இறங்கிப் படம் எடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புற்று மண்ணைக் குழைத்து மாட்டின் நெற்றியில் இட்டது. தட்டில் மீந்ததை அது நக்கிவிட்டது.

வைகாசிக் கடைசியில் கிடேரிக் கன்று போட்டது. கட்டி இருந்த இடங்களில் தாய்க்கு இன்னும் தழும்பு தெரிகிறது. கன்றின் தோலில் ஒரு பொட்டு இல்லை. தடுப்பூசி போடும் நாளைக் காலண்டரில் குறித்துவிட்டேன். அதே காலண்டரில் அம்மா பங்குனிப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறது. "அப்போ இதுக்குப் பத்து மாசம் ஆயிருக்கும், சினையும் இருக்காது" என்று என் காதில் விழும்படி கன்றிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.