கரை வந்தால் திரும்ப வேண்டும்

போன மாதம் அப்பாவின் பேச்சை என் கையாலேயே அழித்துவிட்டேன்.

காஞ்சிபுரத்துக் கோயில்களையும் தறிகளையும் பற்றிப் பன்னிரண்டு வருடமாக இங்கே எழுதி வருகிறேன். பல கட்டுரைகளில் நான் இணைப்பு கொடுத்திருந்த ஒரு தளம், முகவரியை மாற்றிக்கொண்டது. ஒவ்வொன்றாகத் திருத்த ஆயுசு போதாது. எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கி, ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ கொண்டு மாற்றத் துணிந்தேன். ஒரு சொல்லைத் தேடாமல், அது எந்த அமைப்பில் இருக்கும் என்று சொல்லித் தேடுகிற முறை இது. 1950களில் ஸ்டீபன் க்ளீனி என்ற கணித அறிஞர் வகுத்தது. 1960களின் கடைசியில் கென் தாம்சன் அதைக் கணினியில் எழுத்தைத் திருத்தும் நிரலுக்குள் கொண்டுவந்தார்.

ஹெச்டிஎம்எல்லில் இணைப்பின் முகவரி இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும். ஆகவே ஒரு குறி, பழைய தளத்தின் பெயர், பிறகு எது வேண்டுமானாலும், முடிவில் ஒரு குறி என்று எழுதினேன். ‘எது வேண்டுமானாலும்’ என்பதற்கு ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட வேண்டும்: .*

அந்த நட்சத்திரத்துக்குப் பேராசை. அடுத்த குறியில் நிற்காமல், வரியிலுள்ள கடைசிக் குறி வரை விழுங்கும். கோப்பில் ஒரு முழுப் பத்தியும் ஒரே வரிதான். அப்பாவைப் பற்றிய கட்டுரையில் ஒரு பத்தியில் இரண்டு இணைப்புகள். நடுவே, கோர்வை பற்றி அவர் சொன்னது. அத்தனையும் போயிற்று. தெரியாமல் வலையிலும் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அவர் இல்லை, திரும்பக் கேட்க முடியாது.

நல்லவேளை, பழைய கோப்பின் நகல் பென் டிரைவில் இருந்தது. இம்முறை புள்ளிக்குப் பதில் ‘மேற்கோள் குறி அல்லாத எதுவும்’ என்று எழுதினேன்: [^"]*. அடுத்த குறி வந்ததும் நின்றது. என் பதிவுகள் ஒரே சீரானவை என்பதால் இது போதும். பிறர் எழுதிய பக்கங்களில் ஒற்றைக் குறி இருக்கும், குறியே இல்லாமலும் இருக்கும். அதற்கு ஹெச்டிஎம்எல்லை முறையாகப் பிரித்துப் படிக்கும் நிரல்தான் சரி. எதுவானாலும் முதலில் நகல் எடுங்கள்.

மீண்டு வந்த பத்தி இதுதான். சிறுவனாக நான் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியபோது அப்பா சொன்னது:

“கரை நாடா உடலுக்குள்ள போவக் கூடாதுடா. கரை முடியற எடத்துல திரும்பணும். திரும்பலன்னா பொடவையே வீணு.”